மேற்கோள் நானூறு, மரணம் ஒன்று!

பேராசிரியர் சிவக்கொழுந்து கதிரையில் உட்கார்ந்தபடியே செத்துப் போயிருந்தார்.

தோளில் பொன்னாடை. நெற்றியில் சந்தனம். கழுத்தில் மூன்று மாலைகள்.

அடுத்த பேச்சாளர் எப்போது முடிப்பார் என்று காத்திருப்பவர் மாதிரியே இருந்தார்...

காலைத் தேத்தண்ணீரோடு அறைக் கதவைத் திறந்தாள் சின்னத்தங்கம். அந்தக் கடலாய்வு நிலையத்தைக் கூட்டித் துடைக்கிறவள்.

கோப்பை கீழே விழுந்தது.

"ஐயோ... சேர்...!"

கத்திய கத்தலில் ஊர்காவற்றுறை இறங்குதுறையில் வள்ளத்துக்குக் காத்து நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் பொலிஸ் ஜீப் வந்து நின்றது.

இறங்கியவள் சப் இன்ஸ்பெக்டர் ஜெனீற்றா. தீவுக்கு மாற்றலாகி ஆறு மாதம். இதுவரை அவள் துப்புத் துலக்கிய பெரிய வழக்கு ஒரு மாட்டுக் களவு. அந்த மாடும் தானாகவே திரும்பி வந்துவிட்டது!

பின்னால் சார்ஜன்ட் முருகேசு. தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"மாரடைப்பா இருக்கும் மிஸ். நேற்றுப் பின்னேரம் விழா நடந்தது. வயசும் அறுபது தாண்டியிட்டுது. மாலையின்ரை பாரத்துக்கே போயிருப்பார்."

"உதட்டோரத்தில நுரை பாத்தியளோ, முருகேசண்ணை?"

"ஓம்..."

"விரல் எல்லாம் மடங்கி விறைச்சுக் கிடக்கு. மாலைப் பாரத்துக்கு விரல் மடங்குமோ?"

முருகேசு ஒரு அடி பின்னால் போனார்.

திறந்த கதவுக்கு அப்பால், விழா மண்டபச் சுவரில் ஒரு பெரிய பதாகை. பேராசிரியரின் சிரித்த முகம். இரண்டு பக்கமும் இரண்டு நண்டுகள்.

'எச்-இன்டெக்ஸ் நாற்பது கண்ட எங்கள் நண்டு வேந்தே... வாழ்க பல்லாண்டு!'

முருகேசு எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"மிஸ்... எச்-இன்டெக்ஸ் எண்டா என்ன? சீனி வருத்தம் மாதிரி ஏதும் வருத்தமோ? நாப்பதெண்டா கூடவோ குறைவோ?"

"அது வருத்தமில்லை!"

கதவருகில் ஒரு குரல் விம்மியது. வெள்ளைச் சட்டை. அழுது சிவந்த கண்கள். கலாநிதி நிரோஜன். பேராசிரியரின் வலக்கை. விழாவை ஒழுங்கு செய்தவரும் அவரே.

"ஒரு விஞ்ஞானி எழுதின கட்டுரையை இன்னொரு விஞ்ஞானி தன்ரை கட்டுரையில எடுத்துக் காட்டினா அது ஒரு மேற்கோள், மிஸ். சேர் எழுதினதில நாப்பது கட்டுரை... ஒவ்வொண்டுக்கும் குறைஞ்சது நாப்பது மேற்கோள். அதுதான் எச்-இன்டெக்ஸ் நாப்பது! இஞ்ச ஒருத்தருக்கும் இல்லை!"

"அப்ப அவ்வளவு பேர் வாசிச்சிருக்கினம்."

நிரோஜன் கொஞ்சம் தயங்கினார்.

"அவ்வளவு பேர்... மேற்கோள் காட்டியிருக்கினம்."

ஜெனீற்றா அந்தத் தயக்கத்தைக் கவனித்தாள்.

"நேற்று விழாவில என்ன சாப்பாடு?"

"ஒடியல் கூழ். ஒரே பானை. யாழ்ப்பாண ரவுணில இருந்து சமையல்காரர் வந்து காய்ச்சினவை. வந்த அவ்வளவு பேரும் பனையோலைப் பிளாவில வாங்கிக் குடிச்சனாங்கள்."

"சேரும்?"

"ஓம். ஆனா அதுக்கு முதல்..." நிரோஜன் கண்ணைத் துடைத்தார். "நண்டு உடைச்சவர்."

"என்னது?"

"கேக் வெட்டுறதெல்லாம் பழசு மிஸ். சேர் நண்டு ஆராய்ச்சியாளர். கேக்குக்குப் பதிலா அவரின்ரை கட்டுரையில வாற கல்லு நண்டையே அவிச்சு மேடையில வைச்சு, சேர் உடைச்சு விழாவைத் தொடக்கி வைக்கட்டும் எண்டு நான்தான் சொன்னனான்."

"நண்டு எத்தினை?"

"ரெண்டு."

"ஆர் ஆர் சாப்பிட்டது?"

"ரெண்டையும் சேர்தான்."

"கேக் வெட்டினா பக்கத்தில நிக்கிறவைக்கும் ஒரு துண்டு தீத்துவினமே?"

அறைக்கு வெளியிலிருந்து ஒரு கனைப்பு. கலாநிதி ஐயாத்துரை. அடுத்த பேராசிரியர் பதவிக்குப் பத்து வருடமாகக் காத்திருக்கிறவர். இன்று காலை அவர் முகத்தில் துக்கம் இருந்தது. ஆனால் அது நன்றாகத் தூங்கி எழும்பிய துக்கம்!

"கட்டுரையிலயே ஒருத்தருக்கும் பங்கு குடுக்காத மனுசன்," என்றார் ஐயாத்துரை. "நண்டில குடுப்பாரோ?"

யாழ்ப்பாணத்திலிருந்து சட்டவைத்திய அதிகாரி போனில் வந்தபோது மத்தியானமாகிவிட்டது.

"நரம்பைப் பிடிக்கிற நஞ்சு மாதிரிக் கிடக்கு, மிஸ். கொழும்பு அறிக்கை வாறதுக்கு நாள் எடுக்கும். ஆனா அந்த நண்டுக் கோதை ஒரு பூனையும் நக்காமப் பாருங்கோ!"

ஜெனீற்றா போனை வைக்கவில்லை. அடுத்த அழைப்பு வந்துவிட்டது.

ஏ.எஸ்.பி.!

"நண்டு கொண்டு வந்தது ஆர்?"

"பிலிப்பு எண்டு ஒரு கடற்றொழிலாளி, ஐயா."

"போன கிழமை இறங்குதுறையில பேராசிரியரோடை சண்டை பிடிச்சவன் அவன்தானே?"

"ஓம் ஐயா. பேராசிரியரின்ரை ஒரு கட்டுரையைக் காட்டித்தான் நெடுந்தீவுப் பக்கத்துக் கற்பாரை முழுக்க நண்டு ஏற்றுமதித் திட்டம் எண்டு மறிச்சவை. பிலிப்பு வலை போடுற இடம் அது..."

"என்ன சொல்லிக் கத்தினவன்?"

ஜெனீற்றா குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினாள்.

"'உன்ரை நண்டை நீயே தின்னடா' எண்டு..."

மறுமுனையில் சிரிப்பு.

"பேந்தென்ன? வழக்கு முடிஞ்சுது! பின்னேரம் நீதவான் முன்னால நிப்பாட்டி விளக்கமறியலுக்கு அனுப்பும்."

"ஐயா, ஆய்வு நிலையத்தில உள்ள ஆக்களையும் ஒருக்கா..."

"அவையெல்லாம் படிச்ச ஆக்கள், பிள்ளை. படிச்சவை நஞ்சு வைக்க மாட்டினம்."

டக்!

பொலிஸ் நிலையக் கூட்டுக்குள் பிலிப்பு நின்றான். கம்பிக்கு வெளியே அவன் மனைவி மேரிறோஸ். சார்ஜன்ட் முருகேசு சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். மேரிறோசின் கை வீச்சு எட்டாத இடம் அது ஒன்றுதான்.

"வாயைக் குடுக்காதை, குடுக்காதை எண்டு சொன்னனான் மிஸ்! கேட்டாரோ? வலையில ஓட்டை விழுந்தாப் பொத்தலாம். இந்த மனுசன்ரை வாயை என்னத்தால பொத்துறது?"

"நீ சும்மா இரடி!"

"நான் சும்மா இருக்கிறன். நீ உள்ளுக்கை இரு! உள்ளுக்கை போனா எப்ப வெளியில விடுவாங்கள் எண்டு ஆருக்குத் தெரியும்? எங்கடை ஆக்கள் எத்தினை பேர் விசாரணை எண்டு போய்த் தலை நரைச்சு வந்தவை?"

ஜெனீற்றா கூட்டுக் கதவைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியும். பின்னேரம் அந்தக் கூட்டுக் கதவு திறந்து பிலிப்பு ஜீப்பில் ஏறினால், திரும்பி இறங்க வருடங்கள் ஆகலாம்.

"பிலிப்பு அண்ணை... அந்த நண்டு ரெண்டும் ஆர் கேட்டது?"

"நிலையத்து அலுவலகப் போனில இருந்து செய்தி வந்தது, மிஸ். 'கறுப்பு நகம் உள்ள கல்லு நண்டு ரெண்டு வேணும். போத்தலுக்கு' எண்டு. முந்தியும் உப்பிடி வாங்கிறவை. மருந்துத் தண்ணிக்குள்ள போட்டு அலுமாரியில அடுக்கி வைக்கிறவை. இதையும் அப்பிடித்தான் எண்டு குடுத்தனான்."

"சாப்பாட்டுக்கெண்டு கேட்டிருந்தா?"

"கேட்டவன்ரை தலையில அடிச்சிருப்பன்! கறுப்பு நகத்தை ஒருத்தரும் தின்ன மாட்டினம், மிஸ்."

"பாத்தியளோ, பாத்தியளோ!" மேரிறோஸ் தலையில் அடித்தாள். "இப்பவும் அடிப்பன் எண்டுறார்! எழுதிப் போடாதேங்கோ மிஸ்!"

அலுவலகப் போன்...

ஆய்வு நிலையத்தில் தங்கியிருந்தவர்கள் நான்கே பேர். ஒருவர் செத்துவிட்டார். மிச்சம் மூன்று. நிரோஜன். ஐயாத்துரை. ஆய்வு உதவியாளர் பிரியவதனி.

மூன்று பேருக்கும் அந்தப் போன் கைக்கெட்டும் தூரத்தில். செய்தி போன அன்று சின்னத்தங்கத்துக்கு லீவு.

ஜெனீற்றா கதிரையில் சாய்ந்தாள்.

"முருகேசண்ணை, அந்த நண்டுக் கட்டுரையை எடுங்கோ. வாசிப்பம்."

"இங்கிலீசில எல்லோ மிஸ் இருக்கும்?"

"அதுக்கென்ன. கொலைக்கும் இங்கிலீசுக்கும் பகையோ?"

கணினியில் கட்டுரை திறந்தது. தலைப்பே வாயூற வைத்தது. 'நெடுந்தீவுக் கல்லு நண்டு: நாளைய உலகின் உணவு.' ஆசிரியர்: சிவக்கொழுந்து. வேறு பெயர் இல்லை.

தலைப்புக்குக் கீழே சுருக்கம். புரதம் நிறைந்தது... சுவையானது... ஏற்றுமதிக்கு உகந்தது...

ஓரத்தில் இரண்டு எண்கள்.

மேற்கோள்கள்: 412.

பதிவிறக்கங்கள்: 1.

ஜெனீற்றா கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள்.

"நானூறு பேர் இதைப் பற்றி எழுதியிருக்கினம். ஆனா எடுத்து வாசிச்சது ஒரே ஒராள்!"

"அதென்னண்டு மிஸ்?"

"கலியாண வீடு மாதிரித்தான் அண்ணை. நான் உங்கடை வீட்டுக்கு வந்தா நீங்கள் என்ரை வீட்டுக்கு வரோணும். மாப்பிள்ளை ஆரெண்டு தெரிய வேணுமெண்டில்லை!"

அவள் பதிவிறக்கப் பொத்தானை அழுத்தினாள்.

எண் மாறியது. 2.

அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் போனாள். ஒன்று... இரண்டு... ஐந்து... ஆறு...

ஏழாம் பக்கம்.

அவள் முதுகு நிமிர்ந்தது!

'ஆனால் நகம் கறுத்த கல்லு நண்டு கடும் நஞ்சுடையது. அவித்தாலும் பொரித்தாலும் நஞ்சு போகாது. ஒருபோதும் உண்ணலாகாது.'

"அண்ணை... ஜீப்பை எடுங்கோ!"

விழா மண்டபத்தில் மூன்று பேரும் இருந்தார்கள். பதாகை இன்னும் கழற்றப்படவில்லை. செத்தவர் மேலேயிருந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

ஜெனீற்றா கட்டுரையை மேசையில் போட்டாள்.

"பேராசிரியர் தின்ன நண்டு நஞ்சு நண்டு. அது நஞ்செண்டு இந்தக் கட்டுரையின்ரை ஏழாம் பக்கத்தில கிடக்கு. உங்களில ஆர் ஏழாம் பக்கத்தை வாசிச்சதோ... அவர்தான் கொலையாளி!"

நிரோஜனும் ஐயாத்துரையும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"ஆர் வாசிச்சனீங்கள்?"

"நானில்லை!" நிரோஜன் துள்ளி எழும்பினார்.

"நீங்கள்தான் இந்தக் கட்டுரைக்கு ஆகக் கூட மேற்கோள் காட்டியிருக்கிறியள். அறுபத்தொரு தரம்!"

"காட்டினனான்! ஆனா ஒருக்காலும் திறந்து பாக்கேல்லை, மிஸ்! அந்தோனியார் மேல சத்தியமா!"

"நீங்கள் சைவக்காரரெல்லோ?"

"அவசரத்துக்கு ஆரெண்டாலும் சரி, மிஸ்!"

"'சிவக்கொழுந்து ஐயத்துக்கு இடமின்றி நிறுவியபடி' எண்டு எழுதியிருக்கிறியளே?"

"அது வசன அழகுக்கு!"

ஜெனீற்றா திரும்பினாள்.

"ஐயாத்துரை சேர்... நீங்கள் இந்தக் கட்டுரையை மறுத்தே ஒரு கட்டுரை எழுதினனீங்கள்."

"ஓம். எழுதினனான்." ஐயாத்துரையின் நெற்றியில் வியர்வை. "வாசிக்கேல்லை."

"வாசிக்காமல் என்னண்டு மறுத்தனீங்கள்?"

"மறுக்கிறதுக்கு என்னத்துக்குப் பிள்ளை வாசிக்கோணும்? ஆர் எழுதினதெண்டு பாத்தாக் காணும்!"

"அச்சில வர முதல் கட்டுரையை மதிப்பிட்டதும் நீங்கள்தானாம்?"

"அதுகும் நான்தான். 'மிக ஆழமான ஆய்வு' எண்டு எழுதி அனுப்பினனான். அதுக்கும் வாசிக்கேல்லை!"

"நான் சுருக்கத்தை மட்டும்தான் பாத்தனான்!" என்றார் நிரோஜன்.

"சுருக்கம் பாத்தனீரோ? பாத்தியளோ மிஸ், இவர் சுருக்கம் வாசிச்சிருக்கிறார்! நான் அதுகும் இல்லை. தலைப்பு மட்டும்!"

"முதல் வரி மட்டும்தான் சேர்! அதிலயும் பாதி!"

"பாதி வரி வாசிச்சவன்தான் மிஸ் மிச்சமும் வாசிச்சிருப்பான்! பிடியுங்கோ!"

சார்ஜன்ட் முருகேசு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். முப்பது வருட சேவையில், குற்றவாளிகள் படிக்கவில்லை என்று அழுததைப் பார்த்திருக்கிறார். கலாநிதிகள் அழுவதை இன்றுதான் பார்க்கிறார்!

"நான் வாசிச்சனான்."

மெல்லிய குரல்.

எல்லாத் தலைகளும் திரும்பின.

பிரியவதனி. ஜன்னலோரக் கதிரை. இருபத்தொன்பது வயது. மடியில் கை கோத்திருந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

"வாசிச்சனான் மிஸ். எழுதினதும் நான்தான்."

"என்ன...?"

"நெடுந்தீவில கற்பாரை கற்பாரையா ஏறி இறங்கினனான். நண்டு பிடிச்சு, வெட்டி, சோதிச்சு, எழுதினனான். சேர் தன்ரை பேரைப் போட்டவர். கடைசிப் பக்கத்தில 'உதவிய பிரியவதனிக்கு நன்றி' எண்டு ஒரு வரி. அதிலயும் பேரைப் பிழையா அடிச்சிருந்தவர்."

"சுருக்கத்தில உணவெண்டு கிடக்கு. உள்ளுக்கை நஞ்செண்டு கிடக்கு?"

"தலைப்பும் சுருக்கமும் மட்டும் சேர் எழுதினது. 'நஞ்செண்டு போட்டா ஆர் பிள்ளை மேற்கோள் காட்டுவினம்? உணவெண்டு போடுவம். நாலு நாட்டுக்குப் போகும்' எண்டவர். மிச்சத்தை அவர் திறந்தும் பாக்கேல்லை."

"பிலிப்புக்குச் செய்தி அனுப்பினது?"

"நான். போத்தலுக்கெண்டுதான் கேட்டனான். வாளிக்குள்ள கிடந்ததைச் சேர் கண்டிட்டு, 'விழாவுக்கு இதையே அவிக்கச் சொல்லும்' எண்டவர். சமையல்காரரிட்டைக் குடுத்தனான்."

"நஞ்செண்டு தெரிஞ்சு கொண்டோ?"

"தெரிஞ்சுகொண்டுதான்."

"சேரிட்டைச் சொன்னனீரோ?"

"சொன்னனான்."

"எப்ப?"

"மேடையில. ஒலிவாங்கியில. எல்லாருக்கும் முன்னால. நிலையத்தின்ரை பேஸ்புக்கில வீடியோ கிடக்கு மிஸ். நிரோஜன் சேரும் ஐயாத்துரை சேரும் விருப்பம் போட்டிருக்கினம்."

முருகேசு போனை நீட்டினார். வீடியோ ஓடியது.

மேடை. தட்டில் இரண்டு நண்டு. நகங்கள் கறுப்பு. பிரியவதனிதான் நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்குகிறாள்.

"பேராசிரியர் அவர்களே! கறுப்பு நக நண்டைப் பற்றி உங்கள் கட்டுரையின் ஏழாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதன்படி இதை உண்ணலாமா என்று அவைக்குச் சொல்வீர்களா?"

பேராசிரியர் ஒரு கணம் விழித்தார்.

ஒரே கணம்தான்.

"என்ரை பக்கத்தை எனக்கே ஞாபகப்படுத்திறீரோ, பிள்ளை? தாராளமா உண்ணலாம்!"

கைதட்டல்!

"நிச்சயமாகவா சேர்?"

"நாப்பது இன்டெக்ஸ் சொல்லுது!"

விசில்!

"ஏழாம் பக்கம், சேர்..."

"ஏழென்ன, எழுபதாம் பக்கமும் எனக்குப் பாடம்!"

கட்டுரையில் இருந்ததே பதினொரு பக்கம்தான்.

படார்! நண்டு உடைந்தது. மண்டபம் அதிர்ந்தது. நாற்பது அறிஞர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஒருவராவது ஏழாம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை.

வீடியோ நின்றது.

"மூண்டு தரம் கேட்டனான், மிஸ்," என்றாள் பிரியவதனி. "'தெரியாது' எண்டு ஒரு சொல்லு. அதைச் சொல்லியிருந்தா இண்டைக்கு உயிரோடை இருப்பார்."

"கொலைகாரி!" நிரோஜன் பாய்ந்தார். "மிஸ், இவளைப் பிடியுங்கோ! சேர் வாசிக்கேல்லை எண்டு இவளுக்கு நல்லாத் தெரியும்! தெரிஞ்சுகொண்டுதான் கேட்டவள்!"

"நல்லது." ஜெனீற்றா வெள்ளைத்தாளையும் பேனையையும் தள்ளினாள். "இவ பொலிசிட்டைச் சொன்னது நீதிமன்றத்தில நிக்காது. நீங்கள் சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்கோ."

"என்னெண்டு?"

"'பேராசிரியர் சிவக்கொழுந்து இந்தக் கட்டுரையை எழுதவுமில்லை, வாசிக்கவுமில்லை' எண்டு."

நிரோஜன் பேனையை எடுத்தார்.

பேனை தாளைத் தொடவில்லை...

"எழுதினா... கட்டுரையை மீளப் பெறுவினம், மிஸ்."

"பெறட்டும்."

"மற்ற முப்பத்தொன்பதையும் தோண்டுவினம். சேர் என்னை மேற்கோள் காட்டினதெல்லாம் அதுகளுக்குள்ளதான் கிடக்கு. என்ரை இன்டெக்ஸ் பதினெட்டு. அது..."

"எவ்வளவுக்கு இறங்கும்?"

நிரோஜன் மனதுக்குள் கணக்குப் பார்த்தார்.

"ரெண்டு."

ஐயாத்துரை மெல்ல அவர் கையிலிருந்து பேனையைப் பிடுங்கினார்.

"தம்பி, அவசரப்படாதையும். நானும் அதுக்கு மதிப்பீடு எழுதினனான்."

இரண்டு பேரும் மூலைக்குப் போனார்கள். குசுகுசுத்தார்கள். பல்கலைக்கழகத்துக்குப் போன் எடுத்தார்கள். மறுபடி குசுகுசுத்தார்கள். எட்டு வருடமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிக்காத இரண்டு பேர், ஒரே தாளில் ஒன்றாகக் கையெழுத்துப் போட்டார்கள்.

ஜெனீற்றா வாங்கி வாசித்தாள்.

'பேராசிரியர் அவர்கள் தமது கட்டுரைகள் அனைத்தையும் தாமே எழுதினார். ஒவ்வொரு வரியையும் ஐயந்திரிபற அறிந்திருந்தார். ஏழாம் பக்கம் உட்பட.'

"அப்ப... நஞ்செண்டு தெரிஞ்சுகொண்டுதான் தின்னவர்?"

"ஓம்," என்றார் நிரோஜன் தலையைக் குனிந்துகொண்டு.

"ஆரும் ஏமாத்தேல்லை?"

"அவரை ஆர் மிஸ் ஏமாத்த ஏலும்? இன்டெக்ஸ் நாப்பது!" என்றார் ஐயாத்துரை.

நீதவான் அந்தத் தாளை இரண்டு முறை வாசித்தார். வீடியோவையும் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

உலகமே ஏற்றுக்கொண்ட ஒரு நிபுணர். தானே எழுதிய எச்சரிக்கை. மூன்று முறை ஞாபகப்படுத்தல். தானாகவே உடைத்துத் தானாகவே உண்டது. இதில் நண்டு பிடித்தவன் செய்த குற்றம் என்ன?

பிலிப்பு வெளியே வந்தான்.

மேரிறோஸ் அவனைக் கட்டிப் பிடிக்கவில்லை. முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிறகுதான் அழுதாள்.

"மிஸ், ஒரு கேள்வி," என்றாள் மூக்கைத் துடைத்தபடி. "நஞ்செண்டு தெரிஞ்சு தின்ன மனுசனுக்கோ அவ்வளவு பேரும் பொன்னாடை போத்தினவை?"

"வாயை மூடிக்கொண்டு வாடி," என்றான் பிலிப்பு. வாயைப் பற்றி அவன் புத்தி சொன்னது அதுதான் முதல் தடவை!

பின்னேர வெயில். ஊர்காவற்றுறைச் சந்தி. யாழ்ப்பாண பஸ்ஸுக்குக் காத்து நின்றாள் பிரியவதனி. கையில் ஒரு பை.

ஜீப் வந்து பக்கத்தில் நின்றது. ஜெனீற்றா இறங்கவில்லை. ஜன்னலால் பார்த்தாள்.

"போத்தலுக்கு நண்டு வேணுமெண்டு கேட்டீர் என்ன?"

"ஓம் மிஸ்."

"ஆய்வுகூட அலுமாரியைத் திறந்து பாத்தனான். வெறும் போத்தல் ஒண்டும் இல்லை. எல்லாத்துக்குள்ளயும் கறுப்பு நகம் நிரம்பிக் கிடக்கு."

பிரியவதனி பையைத் தோளில் மாட்டினாள். தெருவைப் பார்த்தாள். பஸ் தூரத்தில் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது.

"வாளியைச் சேர் காணுற இடத்தில வைச்சதும் நீர்தான்."

"எழுதித் தர ஆளிருந்தாப் பிடியுங்கோ, மிஸ்."

ஆளில்லை. இரண்டு பேருக்கும் அது தெரியும்.

ஜெனீற்றா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தாள். ஒரு அப்பாவி வீட்டுக்குப் போய்விட்டான். அவ்வளவோடு திருப்திப்பட வேண்டும் போலிருந்தது. திருப்தி வரவில்லை...

"இனி என்ன செய்யப் போறீர்?"

"கட்டுரையைத் திருத்தி எழுதப் போறன். என்ரை பேரில."

"அதில திருத்த என்ன கிடக்கு? எல்லாம் சரியாத்தானே எழுதியிருக்கிறீர்?"

"ஒரு குறை இருந்தது, மிஸ். இந்த நஞ்சு மனுசருக்கு என்ன செய்யுமெண்டு சொல்லக் கையில ஆதாரம் இருக்கேல்லை."

ஜெனீற்றா ஜன்னலால் தலையை நீட்டினாள்.

"இப்ப...?"

பஸ் வந்து நின்றது. பிரியவதனி படியில் கால் வைத்தாள். திரும்பினாள். முதல் தடவையாகச் சிரித்தாள்.

"இப்ப சேரையே மேற்கோள் காட்டலாம்!"